மாசுநீரில் உயிரோடு இருந்தால் தகவமைந்துவிட்டது என்று சொல்லலாமா? (எண்ணூர் புராஜெக்ட்)

எர்ணாவூர்_நிலா:

எம்.எஸ்சி. விலங்கியல் கடைசி வருட புராஜெக்டுக்கு "எண்ணூர் கழிமுக உயிரினங்களின் மாசுத் தகவமைப்பு" என்று தலைப்பு எழுதிக் கொடுத்தேன். எடுத்துக்காட்டாக நான்கு உயிர்களைக் குறித்திருந்தேன். அனல்மின் நிலையச் சுடுநீர் சேரும் பக்கமும் கிடைக்கிற ஜிலேபி மீன், சாம்பல் படிந்த சேற்றில் நிற்கிற வெண்கண்டல், கொஞ்ச வருடத்தில் ஆற்றின் அடியை மூடிவிட்ட காக்கா ஆழி என்ற சிப்பி, எவ்வளவு புகை அடித்தாலும் குறையாத பக்கிங்காம் கால்வாய்க் கொசு. "இவை உயிரோடு இருக்கின்றன என்பதுதான் இதில் தெரிகிறது. தகவமைந்தன என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டு என் வழிகாட்டி திருப்பிக் கொடுத்துவிட்டார்.

என் கேள்விகள் இரண்டு. எதெது இருந்தால் ஒன்றைத் தகவமைப்பு என்று துணிந்து எழுதலாம்? டிஎன்ஏ வரிசை பார்க்கும் வசதி இல்லாத ஆய்வகத்தில், ஆறு மாதத்துக்குள் உருப்படியாக எதைச் சோதிக்க முடியும்? எங்களிடம் நுண்ணோக்கி, பிஎச் மீட்டர், ஆக்சிஜன் மீட்டர், ரிஃப்ராக்டோமீட்டர், ஏரேட்டர்கள் உண்டு.

கழிவெளி:

நிலா, வழிகாட்டி கேட்டது நியாயமான கேள்வி. நீங்கள் சொன்ன நான்குக்கும் நான்கு விதமான விளக்கம் இருக்கிறது. ஒரே தலைப்பில் கட்டியதால்தான் சிக்கல்.

ஓர் உயிர் ஓரிடத்தில் பிழைத்திருந்தால், அந்த இடத்தின் கடுமை அதன் தாங்கும் எல்லையைத் தாண்டவில்லை என்று தெரிகிறது. அவ்வளவுதான். அந்த எல்லை எப்படி வந்தது என்பதை தனியாகக் கேட்க வேண்டும். அந்தத் தனி உயிரின் உடல் தன் வாழ்நாளுக்குள் இணங்கியிருக்கலாம். வேறோரிடத்தில், வேறொரு காரணத்துக்காக, பல்லாயிரம் தலைமுறைக்கு முன்பே உருவான திறனோடு அந்த இனம் இங்கே வந்திருக்கலாம். அல்லது இங்கேயே, இந்த மாசின் அழுத்தத்தால், தலைமுறை தலைமுறையாக அதன் மரபமைப்பு மாறியிருக்கலாம். "எண்ணூர் மாசுக்குத் தகவமைந்தது" என்று எழுத மூன்றாவதைத்தான் காட்ட வேண்டும். முதல் இரண்டும் இல்லை என்பதையும் காட்ட வேண்டும்.

அதற்குத் தேவையானவை இவை. அந்தப் பண்பில் தனி உயிர்களுக்குள் வேறுபாடு இருக்க வேண்டும். அந்த வேறுபாட்டில் ஒரு பகுதியாவது மரபு வழியாகக் கடத்தப்பட வேண்டும். அந்தச் சூழலில், அந்தப் பண்பு உள்ளவை இல்லாதவற்றைவிட அதிகச் சந்ததி விட வேண்டும். இந்த மூன்றும் இருந்தால், தலைமுறைகள் போகப்போக அந்தக் கூட்டத்தில் அந்த மரபணு வடிவத்தின் பங்கு கூடும். மாறுவது கூட்டம். ஒரு தனி மீன் எவ்வளவு சிரமப்பட்டு உயிர் பிழைத்தாலும் அது பட்ட பாடு குஞ்சுக்குப் போகாது.

ஜிலேபியை எடுத்துக்கொள்ளுங்கள். மொசாம்பிக் திலாப்பியா இந்தியாவுக்குள் வந்தது 1952இல். நன்னீரில் வளர்ந்த ஒன்றைத் தூக்கி நேராகக் கடல்நீரில் போட்டால் சில மணி நேரத்தில் சாகும். லிட்டருக்கு 20 கிராம் உப்புள்ள நீரில் ஓரிரு நாள் வைத்து, பிறகு கடல்நீருக்கு மாற்றினால் பிழைத்துக்கொள்ளும். அந்த இடைவெளியில், உப்பை உள்ளே இழுத்துக்கொண்டிருந்த செவுள் உயிரணுக்களுக்குப் பதிலாக உப்பை வெளியே தள்ளும் உயிரணுக்கள் பெருகுகின்றன. ஒரே மீன், அதே மரபணுக்கள், உடலின் வேலை மட்டும் மாறுகிறது. இதுதான் இணங்கல். இப்படி மாறிக்கொள்ளும் திறன் இருக்கிறதே, அது நிச்சயமாகத் தகவமைப்புதான். ஆனால் தென்கிழக்கு ஆப்பிரிக்கக் கரையோர ஆறுகளிலும் கழிமுகங்களிலும் உருவானது அது. எண்ணூருக்கு அதில் பங்கில்லை.

சூடும் அப்படியே. வெதுவெதுப்பான நீரில் சில வாரம் இருந்த மீனுக்குத் தாங்கும் உச்ச வெப்பம் கூடும். நிமிடத்துக்கு 0.3 டிகிரி வீதம் நீரைச் சூடேற்றி, மீன் நிலைதடுமாறிப் புரளும் வெப்பத்தைக் குறிப்பதுதான் வழக்கமான அளவீடு. சுடுநீர்ப் பக்கத்து மீனையும் புழல் ஏரி மீனையும் பிடித்த அன்றே அளந்து "வேறுபாடு இருக்கிறது" என்று எழுதினால், இணங்கலை அளந்துவிட்டு அதைத் தகவமைப்பு என்று சொன்னதாகிவிடும். ஈரலில் மெட்டல்லோதயோனின் கூடியிருக்கிறது என்று காட்டும் உலோக மாசு ஆய்வுகளிலும் இதே ஓட்டை உண்டு. காட்மியமோ தாமிரமோ உடலுக்குள் போனால் எந்த மீனிலும் அந்தப் புரதம் கூடும்.

ஆதாரம் எப்படி இருக்க வேண்டும் என்று பார்க்க அமெரிக்க அட்லாண்டிக் கரையின் கில்லிமீனைப் பாருங்கள். ஃபண்டுலஸ் ஹெட்டரோக்ளிட்டஸ், விரல் நீள மீன். நியூ பெட்ஃபோர்டு துறைமுகம், எலிசபெத் ஆறு போன்ற, பிசிபி என்ற நச்சு வேதிப்பொருளும் எண்ணெய்க் கழிவும் ஊறிய இடங்களில் வாழ்கிறது. மற்ற இடத்து மீனைக் கொல்லும் அளவைப்போலப் பல ஆயிரம் மடங்கைக்கூட அங்கத்துக் கருக்கள் தாங்குகின்றன. அந்த மீன்களைச் சுத்தமான நீரில் வளர்த்து, குஞ்சுக்குக் குஞ்சு எடுத்துப் பார்த்தபோதும் தாங்கும் திறன் போகவில்லை. இங்கேயே "இணங்கல்" என்ற விளக்கம் விழுந்துவிட்டது. 2016இல் வந்த மரபணுத் தொகுதி ஆய்வில், தனித்தனியான நான்கு மாசுப்பகுதிக் கூட்டங்களிலும் ஏஎச்ஆர் என்ற ஏற்பிப் பாதையைச் சுற்றித்தான் இயற்கைத் தேர்வின் தடயம் இருந்தது. அந்த நச்சுகள் கருவைக் கெடுப்பதும் அந்தப் பாதை வழியாகத்தான். மரபு, செயல்முறை, பல இடங்களில் ஒரே திசையில் மாற்றம், மூன்றும் சேர்ந்து நிற்கின்றன. ஹட்சன் ஆற்றின் டாம்காட் மீனிலும் 2011இல் இதுபோலக் கண்டார்கள். ஏஎச்ஆர்2 மரபணுவில் ஆறு எழுத்து குறைகிறது, புரதத்தில் இரண்டு அமினோ அமிலம் போகிறது, பிசிபி அதைப் பற்றிக்கொள்வது கடினமாகிறது.

"அங்கே நடந்ததென்றால் எண்ணூரிலும் நடந்திருக்குமே" என்று தோன்றும். அவசரப்பட வேண்டாம். கில்லிமீன் பிறந்த ஓடையை விட்டு அதிகம் நகராது. அதன் எண்ணிக்கையும் மிகப் பெரியது, மரபு வேறுபாடும் ஏராளம். தேர்வுக்கு வேண்டிய மூலப்பொருள் கையிலேயே இருந்தது. நம் மடவை கடலில் முட்டையிடுகிறது. வெள்ளை இறாலும் அப்படித்தான். குஞ்சுகள் கரையோரம் முழுக்கக் கலந்து, எந்தக் கழிமுகம் கிடைக்கிறதோ அதற்குள் நுழைகின்றன. எண்ணூரில் தேறிய மரபணு வடிவம் அடுத்த தலைமுறையில் கடலில் கரைந்துபோகும். ஆகவே எந்த உயிரைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது, அது எங்கே இனப்பெருக்கம் செய்கிறது என்பதை. பிறந்த குட்டையிலேயே குஞ்சு பொரித்து அங்கேயே வளர்வதுதான் உங்களுக்கு வேண்டும்.

கொசுவியல்:

நாலாவது எடுத்துக்காட்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அந்த நான்கில் தகவமைப்பாக இருக்க நல்ல வாய்ப்புள்ளது கொசுதான். ஆனால் "புகை அடித்தும் குறையவில்லை" என்பது அதற்குச் சாட்சி ஆகாது. புகை, பறக்கிற கொசுவை அந்த நேரத்துக்குக் கொல்லும். கால்வாயில் இருக்கிற புழுவை ஒன்றும் செய்யாது. ஒரு க்யூலெக்ஸ் பெண் ஒரு தடவைக்கு 100 முதல் 300 முட்டை வரை மிதக்கவிடும். நம் ஊர் வெப்பத்தில் பத்துப் பன்னிரண்டு நாளில் அவை பறக்க ஆரம்பித்துவிடும். மருந்து முழுசாக வேலை செய்தாலும் அடுத்த வாரம் தெருவில் கொசு இருக்கும்.

எதிர்ப்பு இருக்கிறதா என்று பார்க்க உலக சுகாதார நிறுவனத்தின் குழாய்ச் சோதனை இருக்கிறது. இரத்தம் குடிக்காத, 3 முதல் 5 நாள் வயதுப் பெண் கொசு 20–25 எடுத்து, மருந்து தோய்த்த தாள் சுற்றிய குழாயில் ஒரு மணி நேரம் விட வேண்டும். பிறகு சுத்தமான குழாய்க்கு மாற்றி, சர்க்கரை நீர்ப் பஞ்சு வைத்து, 24 மணி நேரம் கழித்துச் செத்ததை எண்ண வேண்டும். குறைந்தது நான்கு குழாய், கூடவே மருந்தில்லாத கட்டுப்பாட்டுக் குழாய் இரண்டு. 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து பலிக்கிறது. 90–97 என்றால் சந்தேகம், மறுபடி பார்க்க வேண்டும். 90க்குக் கீழே போனால் எதிர்ப்பு உறுதி. தாளில் இருக்கும் அளவும் கண்டபடி வைத்ததில்லை. மருந்துக்குக் கட்டுப்படும் கொசுவில் 99 சதவீதத்தைக் கொல்லும் அளவைப்போல இரு மடங்கு. இதில் அடிக்கடி கெடுவது கொசுவின் வயது. கால்வாய் ஓரம் பிடித்த பெரிய கொசுவை அப்படியே போட்டால் அதன் வயது தெரியாது, வயதான கொசு சீக்கிரம் சாகும், எதிர்ப்பு இருந்தும் இல்லாத மாதிரி காட்டும். புழுவாக எடுத்து வளர்த்துச் சோதிப்பதே நல்லது.

எங்கள் பக்கம் எல்லோரும் "மருந்து அடிச்சு அடிச்சு கொசுவுக்குப் பழகிப்போச்சு" என்பார்கள். நடப்பது வேறு. பைரெத்ராய்டு மருந்து நரம்பின் சோடியம் வாயிலில் போய் உட்கார்ந்து அதை மூடவிடாமல் செய்கிறது. அந்த வாயில் புரதத்தின் 1014ஆம் இடத்தில் லியூசினுக்குப் பதில் ஃபினைல்அலனின் இருந்தால் மருந்தின் பிடி தளர்ந்துவிடும். இந்த மாற்றம் மருந்தைக் கண்டு உண்டானதில்லை. பிறழ்வு தற்செயலாக நேர்கிறது, மருந்து வரும்போது அது உள்ளது தப்பிக்கிறது, அவ்வளவுதான். 1943இல் லூரியாவும் டெல்பிரூக்கும் பாக்டீரியாவில் இதைக் காட்டினார்கள். 1952இல் லெடர்பெர்க் தம்பதியர் வெல்வெட் துணியால் ஒரு தட்டிலிருந்து இன்னொரு தட்டுக்கு அச்செடுத்து, மருந்தையே பார்க்காத தட்டில் எதிர்ப்பு முன்பே இருந்ததை எடுத்துக் காட்டினார்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த ஆதாரம் பிரான்சின் மோன்பெலியே கரையோரக் கொசு. அங்கே 1968 முதல் கடலை ஒட்டிய சுமார் 20 கி.மீ. அகலப் பகுதியில் மட்டும் ஆர்கனோபாஸ்பேட் மருந்து அடித்தார்கள். எதிர்ப்பு மரபணுக்களின் பங்கு கரையில் அதிகம், உள்நாட்டுக்குப் போகப்போகக் குறைகிறது. கொசு பறந்து கலந்தாலும் ஏன் உள்நாட்டில் அது பெருகவில்லை? மருந்தில்லாத இடத்தில் அந்த மரபணுவைச் சுமப்பது நட்டம், பிழைப்பும் இனப்பெருக்கமும் குறைகின்றன. மருந்து உள்ள இடத்தில் லாபம், இல்லாத இடத்தில் நட்டம் என்று இரண்டும் தெரிந்தால், தேர்வு வேலை செய்கிறது என்று கொஞ்சம் தைரியமாகச் சொல்லலாம்.

புராஜெக்டுக்குக் கொசு வேண்டாம் என்பது என் கருத்து. இரண்டாம் தலைமுறை எடுக்கப் பெண் கொசுவுக்கு இரத்தம் கொடுக்க வேண்டும், சவ்வு வழி ஊட்டும் கருவி வேண்டும், வலைக்கூண்டு தப்பினால் கல்லூரிக்கே தொல்லை.

சிப்பிமேடு:

வெண்கண்டல் பற்றி. மூச்சுவேர், இலையில் உப்பு கக்கும் சுரப்பி, வேரிலேயே உப்பில் பெரும்பங்கை வடிகட்டி நிறுத்துவது எல்லாம் தகவமைப்புதான், சந்தேகமே வேண்டாம். ஆனால் அவை அலை ஏறி இறங்கும் உப்புச் சேற்றுக்காக மிகப் பழைய காலத்தில் வந்தவை. சாம்பலுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. சொல்லப்போனால் சாம்பலிடம் அந்த மூச்சுவேரே பலவீனமாகிறது. காற்று உள்ளே போவது வேரின் மேலுள்ள பட்டைத்துளைகள் வழியாக. மெல்லப் படியும் வண்டலுக்கு ஈடாக வேர் மேலே வளர்ந்துகொள்ளும். திடீரென்று 10 செ.மீ. அளவுக்கு மூடினாலே மரம் பட்டுப்போன பதிவுகள் வேறு நாடுகளில் உண்டு. 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்தபோதும் அதே துளைகள்தான் அடைபட்டன. மரம் நிற்கிறதே என்று கேட்டால், பல ஆண்டு வாழும் மரம் நிற்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. அதன் அடியில் புதுக் கன்று முளைத்து வளர்கிறதா என்று பாருங்கள். சந்ததி இல்லாமல் வெறுமனே நின்றுகொண்டிருக்கும் மரம் பரிணாமக் கணக்கில் ஏற்கெனவே தோற்றுவிட்டது.

காக்கா ஆழி வேறு வகை. மைட்டெல்லா ஸ்ட்ரிகேட்டா, அமெரிக்கக் கண்டத்து வெப்பமண்டலக் கரைகளைச் சேர்ந்தது. பிலிப்பைன்ஸ், சிங்கப்பூர், தாய்லாந்து, கேரளக் காயல்கள் என்று பல இடங்களில் பரவியிருக்கிறது. கிட்டத்தட்ட நன்னீர் முதல் கடலைவிடச் சற்று உப்பான நீர் வரை தாங்கும். நூலால் ஒன்றோடொன்று பின்னி, இறால் தங்கும் சேற்றின் மேல் பாய் விரித்தது போல மூடிவிடுகிறது. கையால் தடவி இறால் பிடிக்கிறவர்களின் பிழைப்பே போகிறது. போன இடமெல்லாம் இதே வேகத்தில் இது பெருகுகிறது என்பதே, திறனைக் கையோடு கொண்டு வந்திருக்கிறது என்பதற்கு வலுவான குறிப்பு. ஒன்றுக்காக உருவான பண்பு இன்னொன்றுக்குப் பயன்படுவதை 1982இல் ஸ்டீபன் ஜே கூல்டும் எலிசபெத் வ்ர்பாவும் தகவமைப்பிலிருந்து பிரித்து வைத்தார்கள். அந்தப் பிரிவு இங்கே உதவும்.

இங்கே வந்த பிறகு அது மாறவே இல்லை என்றும் எழுதிவிடாதீர்கள். சோதிக்காமல் இரண்டு பக்கமும் சொல்ல முடியாது. லண்டன் சுரங்க ரயிலின் கொசு அந்தச் சுரங்கத்திலேயே நூறு நூற்றைம்பது வருடத்தில் உருவானது என்று வெகுகாலம் பாடமே நடத்தினார்கள். மத்தியக் கிழக்கில், மனிதர் பயிரிட்டுக் குடியேறிய இடங்களில், ஆயிரம் ஆண்டுகளுக்கும் முன்பே அந்த வகை பிரிந்திருக்க வேண்டும் என்று 2025இல் வந்த மரபணுத் தொகுதி ஆய்வு காட்டியது. சுரங்கம் அதற்குக் கிடைத்த வசதியான இடம், அவ்வளவே.

எர்ணாவூர்_நிலா:

மூன்று பேருக்கும் நன்றி. மீன் என்றால் நெறிமுறைக் குழு அனுமதிக்கே மாதங்கள் போய்விடும் என்கிறார்கள். பிறந்த குட்டையிலேயே இருக்கிற, சீக்கிரம் தலைமுறை மாறுகிற உயிர் வேண்டும் என்றால் எதை எடுக்கலாம்? குட்டை நீரில் வாழும் பொடி நீர்த்தெள்ளான மொய்னா சரிப்படுமா?

கழிவெளி:

மொய்னாவைவிடப் பொருத்தமானது கிடைக்காது. முதுகெலும்பில்லாதது, நல்ல சூழலில் பெண்கள் ஆண் இல்லாமலே தம் நகல்களை ஈனும், ஐந்தாறு நாளில் முதல் குஞ்சு வரும். நெருக்கடியில் உறைமுட்டை போட்டுக் குட்டையின் சேற்றிலேயே தங்கும். இதன் உறவான டாஃப்னியாவில், கான்ஸ்டன்ஸ் ஏரியின் அடிச்சேற்றிலிருந்து பழைய உறைமுட்டைகளைப் பொரிக்க வைத்து, நீலப்பச்சைப் பாசி பெருகிய ஆண்டுகளுக்குப் பிறகு பாசியின் கேட்டைத் தாங்கும் திறன் கூடியதை 1999இல் காட்டினார்கள்.

ஆனால் கழிமுகத்து உப்பில் மொய்னா இருக்காது. தலைப்பை மாற்ற வேண்டும். மீஞ்சூர், அத்திப்பட்டு பக்கம் நிலத்தடியில் கடல்நீர் ஏறிப் பல பத்தாண்டு ஆகிறது. அந்தப் பகுதியில் இலேசாக உவர்த்த குட்டைகள் மூன்று, சோழவரம் பக்கம் நன்னீர்க் குட்டைகள் மூன்று எடுங்கள். ஒன்றுக்கு ஒன்று என்று ஒப்பிட வேண்டாம். இரண்டே குட்டை என்றால் எந்த வேறுபாட்டுக்கும் ஆயிரம் காரணம் சொல்லலாம், உப்புதான் என்று நிறுவ வழியில்லை. மூன்று உவர்க் குட்டைகளும் ஒரே திசையில் விலகியிருந்தால் தற்செயல் நகர்வு (தேர்வு இல்லாமலே மரபணுப் பங்கு மாறுவது) என்ற விளக்கம் மெலியும்.

150 மைக்ரான் வலையால் அள்ளி, ஒவ்வொரு குட்டையிலிருந்தும் ஐந்து பெண்களைத் தனித்தனி 250 மி.லி. பாட்டிலில் விடுங்கள். ஒரு பெண்ணின் வாரிசுகள் ஒரு வரிசை. மொத்தம் 30 வரிசை. முதலில் நுண்ணோக்கியில் இனத்தை உறுதி செய்யுங்கள். ஒரே குட்டையில் இரண்டு மொய்னா இனம் கலந்து வரும். உவர்க் குட்டையில் ஓர் இனம், நன்னீரில் வேறோர் இனம் என்று ஆகிவிட்டால் முழு வேலையும் வீண்.

எல்லா வரிசைகளையும் ஒரே நீர், ஒரே வெப்பம், ஒரே தீனியில் மூன்று தலைமுறை வளர்க்க வேண்டும். இதுதான் சோதனையின் உயிர். தாய் உப்பில் இருந்தபோது முட்டையில் வைத்த கையிருப்பு முதல் தலைமுறைக்கும், ஓரளவு அடுத்ததற்கும் போகும். அதை விலக்கத்தான் இந்தக் காத்திருப்பு. ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். குழாய்த் தண்ணீர் என்றால் ஏரேட்டர் போட்டு ஒரு நாள் வைத்துக் குளோரினை வெளியேற்றுங்கள். தீனிக்குப் பேக்கரி யீஸ்ட் ஒரு கிராமை ஒரு லிட்டரில் கரைத்து, 100 மி.லி. நீருக்கு ஒன்று, ஒன்றரை மி.லி. ஊற்றினால் நீர் இலேசாகக் கலங்கி ஒரு நாளில் தெளிய வேண்டும். தெளியவில்லையென்றால் தீனி அதிகம், குறைத்துவிடுங்கள்.

சோதனைக்கு முந்தின மாலை முட்டை சுமந்த பெண்களைப் புது நீருக்கு மாற்றுங்கள். காலையில் கிடைப்பவை 24 மணி நேரத்துக்கு உட்பட்ட குஞ்சுகள். தாயின் முதல் ஈற்றை விட்டுவிட்டு இரண்டாம், மூன்றாம் ஈற்றை எடுங்கள். முதல் ஈறு சிறுத்தும் ஒழுங்கில்லாமலும் இருக்கும். சமையல் உப்பில் அயோடினும் கட்டி பிடிக்காமலிருக்கச் சேர்க்கும் பொருளும் இருக்கும், ஆய்வக சோடியம் குளோரைடு வாங்குங்கள். லிட்டருக்கு 0.5, 1, 2, 4, 8 கிராம் என்று அகலமாக ஒரு முன்சோதனை செய்து, எல்லாம் பிழைக்கும் அளவுக்கும் எல்லாம் சாகும் அளவுக்கும் நடுவே ஐந்து அளவுகளைப் பிறகு நெருக்கமாக வையுங்கள். ஒரு குஞ்சுக்குக் குறைந்தது 2 மி.லி. நீர், 48 மணி நேரம், தீனி கிடையாது. குடுவையை மெல்ல அசைத்து 15 விநாடிக்குள் நீந்தாதது முடங்கியதாகக் கணக்கு. கட்டுப்பாட்டில் பத்தில் ஒன்றுக்கு மேல் முடங்கினால் அந்தச் சுற்றைத் தள்ளிவிடுங்கள்.

எண்ணிக்கையில் எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. வழக்கமான நெறிமுறை அளவுக்கு 20 குஞ்சு கேட்கும். 30 வரிசை, ஐந்து அளவு, கட்டுப்பாடு என்று போட்டால் 3,600 குஞ்சு. உங்களால் முடியாது. வரிசைகளைக் குறைக்காதீர்கள், வரிசைக்கு அளவொன்றுக்குப் பத்துக் குஞ்சாகக் குறையுங்கள். ஒரே பெண்ணின் 200 நகல்களைச் சோதித்தாலும் மரபுக் கணக்கில் அது ஒற்றை மாதிரிதான். கணக்கிடும்போதும் குஞ்சை அலகாக வைக்கக் கூடாது. ஆர் மென்பொருளில் லாஜிஸ்டிக் மாதிரி போட்டு, குட்டையையும் அதற்குள் வரிசையையும் தற்செயல் விளைவாகச் சேருங்கள்.

இதோடு இன்னும் இரண்டு அளவீடு சேர்த்தால் ஆய்வு நிமிர்ந்து நிற்கும். ஒவ்வொரு வரிசையிலும் பாதியை லிட்டருக்கு அரை கிராம் உப்பில் வளர்த்துச் சோதித்தால், இணங்கும் திறன் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டலாம். சுத்தமான நன்னீரில் முதல் மூன்று ஈறுகளின் குஞ்சுகளை எண்ணினால், கொசுவியல் சொன்ன அந்த நட்டம் இங்கே இருக்கிறதா என்று தெரியும்.

குட்டையிலிருந்து பிடித்த உடனே தெரியும் வேறுபாடு மூன்றாம் தலைமுறையில் மறைந்துவிட்டால், "இணங்கல்" என்று எழுதுங்கள். அதுவும் முழு முடிவுதான், தோல்வியாக நினைக்க வேண்டாம். நிலைத்து நின்றால், "மரபுவழி வேறுபாடு உண்டு, மூன்று குட்டைகளிலும் ஒரே திசை, உப்பால் தேர்வு நடந்தது என்பதோடு ஒத்துப்போகிறது" என்று எழுதலாம். அதற்கு மேல் ஒரு சொல் கூட வேண்டாம்.

கொளத்தூர்_தொட்டி:

நடைமுறை விஷயம் ஒன்று. கொளத்தூர்க் கடைகளில் பையில் விற்கும் மொய்னாவை ஆய்வுக்கு எடுக்காதீர்கள். பல இடத்துச் சரக்கு ஒரே தொட்டியில் கலந்திருக்கும், எந்தக் குட்டையுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. கூடவே சைக்ளோப்ஸும் ஹைட்ராவும் வரும். ஆனால் தீனி அளவு பழகுவதற்கு ஒரு பை வாங்கிக் கொள்ளலாம்.

அதில் ஒரு நல்ல பாடமும் இருக்கிறது. சில தொட்டி மொய்னா நல்ல சிவப்பாக இருக்கும். தனி இனம் என்று நினைப்பார்கள். ஆக்சிஜன் குறைந்த நீரில் அவை ஹீமோகுளோபினைக் கூட்டிக்கொள்கின்றன. ஏரேட்டர் ஓடும் தெளிந்த நீரில் விட்டால் ஓரிரு வாரத்தில் வெளுத்துவிடும். கழிவெளி சொன்ன இணங்கலைக் கண்ணாலேயே பார்க்கலாம், போட்டோ எடுத்து அறிக்கையில் வைக்கலாம். வளர்ப்புப் பாட்டில் திடீரென்று சிவந்தால் யீஸ்ட் அதிகமாகி ஆக்சிஜன் இறங்குகிறது என்று அர்த்தம். அன்றைக்கே பாதி நீரை மாற்றுங்கள், விட்டால் மறுநாள் பாட்டில் காலி.

எர்ணாவூர்_நிலா:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. குட்டை நீரின் உப்பை எங்களிடம் உள்ள ரிஃப்ராக்டோமீட்டரிலேயே அளந்துவிடலாமா?

கழிவெளி:

முடியாது. கையில் பிடித்துப் பார்க்கும் அந்தக் கருவியில் ஒரு கோடு என்றால் ஆயிரத்துக்கு ஒரு பங்கு உப்பு. உங்கள் குட்டைகளுக்குள் இருக்கும் வேறுபாடே அந்த ஒரு கோட்டுக்குள் அடங்கிவிடலாம். மின்கடத்துதிறன் மீட்டர் வேண்டும், வேதியியல் துறையில் கட்டாயம் இருக்கும், 1,413 மைக்ரோசீமன்ஸ் தரக் கரைசலில் சரிபார்த்துவிட்டு எடுத்துப் போங்கள். மழைக்கு முன்னும் பின்னும் அளவு பெரிதாக மாறும், ஒரு தடவை அளந்ததை வைத்து "உவர்க் குட்டை" என்று முடிவு செய்ய வேண்டாம். வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே அளக்கத் தொடங்குங்கள். மொய்னா எடுக்கும் ஒவ்வொரு நாளும் அதே இடத்தில், அதே ஆழத்தில் அளந்து வெப்பத்தையும் சேர்த்துக் குறியுங்கள். சோதனைக் கரைசல்களை மீட்டரை நம்பிக் கலக்காமல், உப்பை நிறுத்துக் கலக்கி, மீட்டரில் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.